மூன்று மரியாக்களின் புலம்பல்
அயர்லாந்து நாட்டுப்புறச் சமயப் பாடல்களும் அவற்றின் ஒலிப்பதிவுகளும்

கொல்கத்தா, தில்லி, மும்பை போன்ற நகரங்களில் வாழும் நம்மவர்க்கு அயர்லாந்து முற்றிலும் அறியாத நாடன்று. லொரேட்டோ கன்னியர் பள்ளிகளிலோ கிறிஸ்தவ சகோதரர்கள் பள்ளிகளிலோ பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் நம்மிடையே பலர் உண்டு. லொரேட்டோ கன்னியர் டப்ளினை அடுத்த ராத்ஃபார்னம் மடத்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தது 1841-ல். அன்னை தெரசாவும் 1928-ல் முதலில் போய்ச் சேர்ந்தது அதே ராத்ஃபார்னம் மடத்தில்தான். இவ்வளவு நெருங்கிய தொடர்பு இருந்தும், அந்தப் பள்ளிகளின் காலை வழிபாட்டில் ஒலித்தவை பெரும்பாலும் ஆங்கிலத் துதிப்பாடல்களே. அயர்லாந்து மக்கள் தங்கள் சொந்த மொழியில், அடுப்பங்கரையிலும் இறந்தவர் வீட்டிலும் பாடி வந்த பாடல்கள் கப்பலேறி வரவில்லை. அப்பாடல்களைப் பற்றியும், கடந்த அறுபது எழுபது ஆண்டுகளில் இசைத்தட்டில் ஏறியபோது அவற்றுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பற்றியும் சிறிது பார்ப்போம்.

ஐரிஷ் மொழியில் இருவர் சந்தித்தால் ஒருவர் 'கடவுள் உன்னோடு' என்ற பொருளில் வணக்கம் சொல்வார். மற்றவர் 'கடவுளும் மரியாவும் உன்னோடு' என்று மறுமொழி சொல்வார். வணக்கத்துக்கு ஒரு தெய்வப் பெயர் என்றால் மறுவணக்கத்துக்கு இரண்டு! அந்த மரியாவுக்கு அம்மொழியில் 'முய்ரெ' என்று தனி வடிவம் உண்டு. ஊரில் பெண் குழந்தைகளுக்கு அதே பெயரை வைக்கும்போது 'மாய்ரெ' என்று மாற்றித்தான் வைப்பார்கள். தாயின் பெயரை அப்படியே எடுத்து ஆள்வது மரியாதையன்று என்ற எண்ணம். இத்தகைய பேச்சு வழக்குக்குள்ளிருந்து பிறந்தவை இப்பாடல்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் மேலே சொல்லப் போவது எளிதில் விளங்கும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இவை கோயிலில் பாடுவதற்காக எழுதப்பட்டவையல்ல. பாடக் கோயிலே இல்லாத காலம் ஒன்று அயர்லாந்துக்கு இருந்தது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில ஆட்சி கத்தோலிக்கர்மீது தண்டனைச் சட்டங்கள் பலவற்றை விதித்தது. 1697-ல் வந்த ஒரு சட்டம் ஆயர்களையும் துறவற சபைக் குருக்களையும் நாட்டை விட்டே வெளியேறச் சொன்னது. மலைச்சரிவில் ஒரு பாறையைப் பீடமாக வைத்து, காவலுக்கு ஆள் நிறுத்தி, திறந்த வெளியில் பூசை நடந்தது. 'பூசைப் பாறை' என்ற பெயர் இன்றும் பல ஊர்களில் வழங்குகிறது. குருவைக் காண்பதே அரிதாக இருந்தபோது சமயத்தைக் காத்தவர்கள் வீட்டுப் பெண்கள். அடுப்பில் இரவு நெருப்பைச் சாம்பலிட்டு மூடும்போது ஒரு வேண்டுதல், படுக்கும்போது ஒன்று, பிள்ளையைத் தாலாட்டும்போது ஒன்று. மந்திரமும் செபமும் பாட்டும் கலந்து கிடந்த உலகம் அது.

இதை முதலில் பெரிய அளவில் தொகுத்தவர் டக்ளஸ் ஹைட். கானக்ட் மாகாணத்துச் சமயப் பாடல்கள் என்ற அவரது தொகுப்பு 1906-ல் ஐரிஷ் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்புமாக இரண்டு பகுதிகளாக வெளிவந்தது. பாட்டு மட்டுமன்றிக் கதைகளும், நோய் தீர்க்கும் மந்திரங்களும், சாபங்களும்கூட அதில் இருக்கின்றன. ஹைட் புராட்டஸ்டண்ட் குரு ஒருவரின் மகன். கத்தோலிக்கக் குடியானவர்களின் வாயிலிருந்து அவர்களுடைய பக்திப் பாடல்களைக் கேட்டு எழுதியவர் அவர்களுடைய சமயப் பிரிவைச் சேர்ந்தவரே அல்லர். பின்னாளில், 1938-ல், அயர்லாந்தின் முதல் குடியரசுத் தலைவர் பதவியும் அவரைத் தேடி வந்தது.

புலம்பலின் கதை

இத்தனை பாடல்களுள்ளும் ஒன்றை மட்டும் விரிவாக எடுத்துக்கொள்வோம். 'கீனெ ந ட்ரீ முய்ரெ' என்பது அதன் பெயர். மூன்று மரியாக்களின் புலம்பல் என்று பொருள். இயேசுவின் தாய், மகதலா மரியா, குளோப்பாவின் மரியா ஆகிய மூவரும் சிலுவையடியில் நின்றதாகச் சொல்லும் நற்செய்திக் காட்சிதான் இதன் கரு. ஆனால் பாட்டு நற்செய்தி நூலைப் பின்பற்றிச் செல்வதில்லை. மகனைத் தேடும் ஒரு கிராமத்துத் தாயைப் பின்பற்றிச் செல்கிறது.

தாய் முதலில் இராயப்பரிடம் கேட்கிறாள், என் மகனைப் பார்த்தாயா என்று. பார்த்தேன், பகைவர் நடுவில் பார்த்தேன் என்கிறார் அவர். அவள் ஓடுகிறாள். சிலுவையில் தொங்கும் உருவத்தைக் கண்டு அவளால் நம்ப முடியவில்லை. மூன்று பருவம் நான் சுமந்த பிள்ளையா இது? (அயர்லாந்தில் பருவம் ஒன்றுக்கு மூன்று மாதம், ஆகப் பத்தாவது மாதத்தில் பெற்றெடுத்தாள் என்பதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள்.) தொழுவத்தில் பிறந்த பிள்ளையா இது? என் மார்பில் பால் குடித்த பிள்ளையா இது? என்று கேள்விமேல் கேள்வி எழுகிறது. மகன் சிலுவையிலிருந்தபடியே, அழாதே அம்மா என்று தேற்றுகிறான். ஆணி அறைந்த சுத்தியலும், விலாவில் பாய்ந்த ஈட்டியும் ஒவ்வொன்றாக வருகின்றன. கடைசியில் அவள் மற்ற இரு மரியாக்களையும் என்னோடு சேர்ந்து அழ வாருங்கள் என்று அழைக்கிறாள். ஒவ்வொரு அடியின் முடிவிலும் 'ஓஹோன்' என்ற அழுகைக் குரல். இதற்கு அகராதிப் பொருள் தேடுவது வீண். நம் ஊரில் 'ஐயோ' என்பதற்கு என்ன பொருளோ அதே பொருள்தான்.

'கீனெ' என்ற சொல்லே இப்பாட்டின் திறவுகோல். இறந்தவருக்காகப் பெண்கள் பாடும் சாவுப் புலம்பலுக்கு அயர்லாந்தில் அதுதான் பெயர். ஆங்கிலத்தில் 'கீனிங்' என்று வழங்குவது இதிலிருந்து போனதுதான். ஒப்பாரியை அறிந்த நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பிணத்தின் தலைமாட்டில் ஒருத்தி அமர்வாள். இறந்தவரை நேருக்கு நேர் அழைப்பாள், கேள்வி கேட்பாள், குலத்தையும் குணத்தையும் புகழ்வாள், கொன்றவன் இருந்தால் சபிப்பாள். சூழ்ந்திருக்கும் பெண்கள் சேர்ந்து அழுகைக் குரல் எடுப்பார்கள். இதற்கென்றே அழைக்கப்படும் பெண்களும் இருந்தார்கள். கூலியாகப் பணமோ புகையிலையோ மதுவோ கிடைக்கும். 1773-ல் சுட்டுக் கொல்லப்பட்ட ஆர்ட் ஓ லியரி என்பவருக்காக அவர் மனைவி ஐலீன் பாடியதாக வழங்கும் புலம்பல் இன்றும் ஐரிஷ் இலக்கியத்தின் உச்சிகளுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. (அந்த அம்மையார் டானியல் ஓ கானலின் அத்தை.)

திருச்சபைக்கு இவ்வழக்கம் பிடிக்கவில்லை. மறுமை வாழ்வில் நம்பிக்கையுள்ளவர்கள் இப்படித் தலைவிரித்து அழலாமா என்பது குருக்களின் கேள்வி. பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே ஆயர் மன்றங்கள் இதைத் தடைசெய்து தீர்மானம் போட்டன, ஒருமுறையன்று, பலமுறை. திரும்பத் திரும்பத் தடைசெய்ய வேண்டியிருந்தது என்பதிலிருந்தே யாரும் அதைக் கேட்கவில்லை என்பது தெரிகிறதல்லவா?

இங்கேதான் மூன்று மரியாக்களின் புலம்பல் முக்கியமாகிறது. இறந்தவரை அழைத்துக் கேள்வி கேட்பது, கூடி அழ வரும்படி மற்றப் பெண்களை அழைப்பது, அழுகைக் குரலைக் கூட்டமாக எடுப்பது என்று சாவு வீட்டின் முறை அனைத்தும் இதில் அப்படியே இருக்கின்றன. மகனை 'என் ஒளிரும் அன்பே' என்ற பொருளில் தாய் அழைப்பதும் சாவு வீட்டு வழக்கை ஒட்டியதே. எதைக் குருமார்கள் அநாகரிகம் என்று விலக்கினார்களோ அதைக் கடவுளின் தாயே செய்வதாகப் பாடிவிட்டார்கள் அப்பெண்கள். மரியாவே புலம்பினாள் என்றால் நாங்கள் புலம்புவது எப்படிக் குற்றமாகும்? இதை ஆழ்ந்து ஆராய்ந்தவர் ஆஞ்சலா பர்க். (அப்போது அவர் பெயர் ஆஞ்சலா பார்ட்ரிட்ஜ்.) வாய்மொழிப் பாடல்களில் பாடுகளின் கதை பற்றி அவர் ஐரிஷ் மொழியில் எழுதிய நூல் 1983-ல் வெளிவந்தது. பாட்டின் பல வடிவங்களை ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோருக்கு அதுவே அடிப்படை.

பாட்டைக் கேட்டு எழுதியவர்களுள் இன்னொருவரையும் குறிப்பிட வேண்டும். 1916 ஈஸ்டர் எழுச்சியின் தலைவர் பாட்ரிக் பியர்ஸ், அதற்குப் பல ஆண்டுகள் முன்பு கால்வே வட்டாரத்தில் ஒரு மூதாட்டியிடமிருந்து இப்புலம்பலின் வடிவமொன்றைக் கேட்டு வெளியிட்டார். எழுச்சி தோற்று அவ்வாண்டு மே மாதம் அவரும் அவர் தம்பியும் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒரு தாய்க்கு இரண்டு மகன்கள்.

ஜோ ஹீனி

எழுத்தில் இருந்த புலம்பல் உலகத்தின் காதில் விழுந்தது ஒரு மனிதர் வழியாக. ஷோசவ் ஓ ஹேனி என்பது அவருடைய ஐரிஷ் பெயர். ஆங்கிலத்தில் ஜோ ஹீனி. அட்லாண்டிக் கடலோரத்துக் கொனமாராவில் கார்னா என்ற ஊருக்கருகில் 1919-ல் பிறந்தவர். பாறையும் கடலும் தவிர வேறொன்றும் அதிகமில்லாத வட்டாரம் அது. ஆனால் பாட்டுக்குப் பஞ்சமில்லை. நாட்டுப்புறவியல் ஆணையத்துக்காக 1940-களில் மிதிவண்டியில் அங்கே சுற்றிய ஷேமஸ் எனிஸ், கொல்ம் ஓ கீடான் என்ற ஒரே மனிதரிடமிருந்து 212 பாடல்களை எழுதிக்கொண்டார். ஒருவர் நினைவில் இத்தனை இருந்தால் ஊர் முழுவதும் எவ்வளவு இருந்திருக்கும்!

ஹீனி புலம்பலைத் தம் பாட்டியிடமிருந்து கற்றார். பெரிய வெள்ளிக்கிழமையன்று அண்டை வீட்டுப் பெண்கள் கூடி அதைப் பாடுவார்கள். பாடுகிறவர்கள் கண்ணீர் விட்டு அழுதுகொண்டே பாடுவதைத் தாம் சிறுவனாக இருந்து பார்த்ததை அவர் பின்னாளில் சொல்வதுண்டு. அவருடைய பிற்கால வாழ்க்கை விந்தையானது. வேலை தேடிப் பிரிட்டனுக்குப் போனார். 1960-களின் நடுவில் அமெரிக்கா போய், நியூயார்க்கில் வசதியுள்ளவர்கள் வாழும் அடுக்குமாடி வீடொன்றில் வாயிற்காவலராகச் சீருடை அணிந்து கதவு திறந்துவிட்டார். அவர் கதவு திறந்துவிட்ட பெரிய மனிதர்களுள் எத்தனை பேருக்கு இவர் யாரென்று தெரிந்திருக்கும்? பிறகு பல்கலைக்கழகங்கள் அவரைத் தேடி வந்தன. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். 1979-ல் ஜான் கேஜ் என்ற அமெரிக்கப் புதுமை இசையமைப்பாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் நாவலை வைத்து அமைத்த 'ரோரடோரியோ' என்ற படைப்பில் இவர் குரலும் சேர்ந்தது. 1982-ல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலைஞர் விருது கிடைத்தது. 1984-ல் சியாட்டிலிலேயே காலமானார்.

இவர் பாடும் முறைக்கு 'ஷான் நோஸ்' என்று பெயர். பழைய முறை என்று பொருள். பக்கவாத்தியம் கிடையாது, தாளக்கட்டும் கிடையாது. நம்மவர்கள் விருத்தம் பாடுவதைப்போல், சொல்லின் ஓட்டத்தையொட்டிப் பாட்டு நீளும், சுருங்கும். ஒரே மெட்டைத்தான் அடிதோறும் பாடுகிறார் என்றாலும் அசைவுகள் அடிக்கு அடி மாறும். கமகத்துக்குப் பழகிய காது இதை உடனே பிடித்துக்கொள்ளும்; மேல்நாட்டுச் சேர்ந்திசைக்குப் பழகிய காதுக்குத்தான் முதலில் சிரமம். குரலை ஏற்றி இறக்கி உணர்ச்சி காட்டுவது இம்முறையில் அழகன்று. துயரம் சொல்லில் இருக்கிறது, பாடகர் அதைக் கொண்டுவந்து கொடுக்கும் தூதர் மட்டுமே. சில ஊர்களில் பாடுகிறவர் கையைக் கேட்கிறவர் ஒருவர் பிடித்துக்கொண்டு, பாட்டின் போக்குக்கேற்ப மெல்லச் சுழற்றுவதும் உண்டு. பாட்டின் கடைசிச் சொற்களைப் பாடாமல் பேச்சாகச் சொல்லி முடிப்பது இன்னொரு வழக்கம்.

ஐரிஷ் மொழி வளர்ச்சிக்காக 1953-ல் தொடங்கப்பட்ட கேல் லின் நிறுவனம் 1957-க்கும் 1961-க்கும் இடையில் வெளியிட்ட 78 சுழற்சி இசைத்தட்டுகளில் ஹீனியின் குரலும் உண்டு. 1964-ல் இலண்டனில் யூவன் மக்காலும் பெகி சீகரும் அவரை உட்காரவைத்துப் பேச்சும் பாட்டுமாகப் பதிவுசெய்தார்கள். அது 2000-ல் 'கொனமாராவிலிருந்து வந்த சாலை' என்ற பொருள்படும் தலைப்பில் குறுந்தகடாக வெளிவந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பெண்கள் கூடி முழங்காலிட்டுப் பாடியது ஓர் ஆணின் தனிக்குரலாக உலகுக்கு வந்து சேர்ந்தது. கூட்டமாக எடுத்த அழுகைக் குரலையும் அவரே எடுக்க வேண்டியதாயிற்று. பெரிய வெள்ளிக்கு மட்டும் உரியது எந்த நாளும் கேட்கத்தக்கதாயிற்று. இதை இழப்பு என்று சொல்வதா? அவர் பாடாமலிருந்தால் பாட்டிமார்களோடு அது மண்ணுக்குள் போயிருக்கும் என்பதும் உண்மைதானே.

மடமும் சிற்றூரும்

பெண் குரல் திரும்ப வந்தது 1980-ல். லிமெரிக் மாவட்டத்துப் பாடகி நோரீன் நீ ரியன், கிளென்ஸ்டல் மடத்தின் பெனடிக்டின் துறவியரோடு சேர்ந்து 'கன்னியின் புலம்பல்' என்ற பொருளுள்ள இசைத்தட்டைப் பதிவுசெய்தார். தொடர்ந்து 1986-லும் 1989-லும் அதே துறவியரோடு மேலும் இரண்டு தட்டுகள் வந்தன. கிளென்ஸ்டல் 1927-ல் நிறுவப்பட்ட மடம். கிரகோரியன் முறையில் இலத்தீனில் ஓதுவது அவர்கள் மரபு. சிற்றூர்ப் பெண்களின் புலம்பலும் துறவியரின் ஓதலும் அயர்லாந்தின் வரலாற்றில் ஒரே கூரையின்கீழ் இருந்தவையல்ல. ஒன்றை மற்றொன்று அதட்டிக்கொண்டுதான் இருந்தது. தடைவிதித்தவர்கள் வீட்டிலேயே புலம்பல் அரங்கேறியது என்று சொன்னால் மிகையில்லை.

இந்த அம்மையாரைப் பற்றி நாம் அறிய வேண்டிய செய்தி இன்னொன்றும் உண்டு. கச்சேரிகளில் அவர் ஆதாரமாக வைத்துக்கொள்வது நம் சுருதிப் பெட்டியை. மேல்நாட்டு நாட்டுப்பாடகர்கள் பலரிடையே இப்போது இது பரவிவிட்டது. தாளமும் சுரக்கூட்டும் வேண்டாத ஒரு பாட்டுக்கு, நிற்கின்ற ஒரே சுரம்தான் பொருத்தமான துணை என்று கண்டுகொண்டிருக்கிறார்கள்.

இதற்கு முன்பே வேறு ஒரு திசையில் முயற்சி நடந்திருந்தது. 1962-லிருந்து 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் பூசை மக்கள் மொழியில் வரலாம் என்றாயிற்று. ஐரிஷ் மொழிப் பூசைக்கு இசை எங்கே? ஷான் ஓ ரீடா அப்போது நாடறிந்த இசையமைப்பாளர். 1959-ல் 'நான் அயர்லாந்து' என்ற பொருள்படும் பெயருடைய ஆவணப்படத்துக்குப் பெரிய வாத்தியக் குழுவை வைத்து அவர் அமைத்த இசை நாட்டையே உலுக்கியது. அவர் டப்ளினை விட்டுவிட்டு, கார்க் மாவட்டத்தில் ஐரிஷ் பேசும் கூலே என்ற சிற்றூரில் குடியேறி, உழவர்களைக் கொண்டு ஆண்கள் பாடற்குழு ஒன்றை அமைத்தார். அவர்களுக்காக 1968-ல் செய்ததுதான் அவருடைய பூசை இசை. ஷான் நோஸ் அசைவுகளின் சாயலில் அமைந்த மெட்டுகள், விவசாயி பாடக்கூடியவை. அதில் வரும் பாட்டொன்றின் சொற்கள் பதினெட்டாம் நூற்றாண்டுக் கவிஞர் டைக் கேலக் ஓ சூலவான் எழுதியவை. அவருடைய பக்திப் பாடல் தொகுப்பு அவர் மறைந்தபின் 1802-ல் அச்சாகி, பல பதிப்புகள் கண்டது. அக்காலத்தில் ஊரில் வழங்கிய காதல் மெட்டுகளில் பாடத்தக்கவையாக அவற்றை எழுதினார். 'இன்ன பாட்டின் வர்ணமெட்டு' என்று தலைப்பில் போடும் வழக்கம் நமக்கும் புதிதல்லவே!

ஓ ரீடா 1971-ல் நாற்பது வயதில் இறந்தார். பதின்வயதைத் தாண்டாத மகன் பேடர் பாடற்குழுவை ஏற்று நடத்தினார். அந்தக் குழுவில் சிறுவனாகப் பாடிய இயர்லா ஓ லினார்ட் 1997-ல் ரியல் வேர்ல்ட் நிறுவனத்துக்காகத் தனித்தட்டுப் பாடினார், ஆப்ரோ கெல்ட் குழுவில் ஆப்பிரிக்க முரசுகளுக்கு நடுவிலும் பாடினார். முரசுகள் நடுவே பாடியதைவிடத் தனித்துப் பாடியதே என் காதுக்கு நிறைவு.

ஆங்கிலம் வழி வந்தவை

1845 முதல் 1849 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டனர், பத்து லட்சம் பேர் கப்பலேறினர். ஐரிஷ் பேசிய ஏழைகள்தாம் பெரும்பாலும் போனவர்கள். அதற்குப்பின் கார்டினல் பால் கல்லன் காலத்தில் ரோமாபுரி முறைப் பக்தி நாடெங்கும் பரப்பப்பட்டது. அதோடு ஆங்கிலத் துதிப்பாடல்களும் வந்தன. வேடிக்கை என்னவென்றால், டப்ளினின் குரோக் பூங்காவில் ஆட்டம் தொடங்குமுன் ஆயிரக்கணக்கானோர் தேசிய கீதம்போல் முழங்கிவந்த 'நம் தந்தையர் விசுவாசம்' என்ற பாட்டு ஃபேபர் என்ற ஆங்கிலேயர் 1849-ல் எழுதியது. 1996-ல் அதே பெயரில் வந்த இசைத்தொகுப்பு அயர்லாந்தில் பெரும் விற்பனை கண்டது.

உலகம் முழுவதும் இன்று ஐரிஷ் துதிப்பாடல் என்று அறியப்படும் 'பீ தௌ மை விஷன்' பாட்டின் கதையும் இப்படித்தான். மூலம் பழைய ஐரிஷ் செய்யுள். ஆறாம் நூற்றாண்டின் டலான் ஃபோர்கில் பாடியதென்பார்கள். மொழிநடை அதற்குப் பிந்தியது. 1905-ல் மேரி பர்ன் ஆங்கில உரைநடையில் பெயர்த்தார். 1912-ல் எலினார் ஹல் அதைச் செய்யுளாக்கினார். மெட்டோ ஒரு காதல் பாட்டினுடையது. 1909-ல் பாட்ரிக் ஜாய்ஸ் தம் நாட்டுப்பாடல் தொகுதியில் அச்சிட்டது. சொல்லும் மெட்டும் 1919-ல் அயர்லாந்துப் புராட்டஸ்டண்ட் சபையின் பாட்டுப் புத்தகத்தில்தான் மணமுடித்தன. புனித பாட்ரிக் ஈஸ்டர் நெருப்பு மூட்டியதாக ஐதிகம் கூறும் ஸ்லேன் குன்றின் பெயரை அம்மெட்டுக்கு இட்டார்கள். 1991-ல் வான் மாரிசன் பாடினார். பாடாத குழு இன்று இல்லை. பின்னர் அதை இக்கால ஐரிஷிலும் பெயர்த்து, மீண்டும் ஐரிஷ் பாட்டாகவே பாடுகிறார்கள்.

வெக்ஸ்ஃபோர்டு மாவட்டத்துக் கிறிஸ்துமஸ் பாடல்கள் இன்னும் ஆழமாகப் பார்க்கத்தக்கவை. வாடிங் என்ற ஆயர் 1684-ல் கெண்ட் நகரில் அச்சிட்ட சிறு பாட்டுப் புத்தகம், டெவரோ என்ற குரு 1728-ல் தொகுத்த இன்னொன்று ஆகிய இரண்டிலுமிருந்து வந்தவை அவை. சொற்கள் ஆங்கிலம், மெட்டு வாய்மொழி. கில்மோர் என்ற ஊர்க் கோயிலில் இன்றும் கிறிஸ்துமஸ் நாள்களில் ஆறு ஆண்கள் மும்மூவராகப் பிரிந்து அடி மாற்றி அடி பாடுகிறார்கள். 2014-ல் கத்ரியோனா ஓ லியரி இவற்றைப் பதிவுசெய்தபோது டாம் ஜோன்ஸ், ரோசான் கேஷ், ரியானன் கிடன்ஸ் போன்ற வெளிநாட்டுப் பெரும்புள்ளிகள் வந்து பாடினார்கள். நல்ல தட்டுதான். ஆனாலும் கில்மோர் ஆண்களின் கரடுமுரடான, அவசரமில்லாத குரல் அதில் கேட்காது.

1994-ல் ஸ்பெயின் நாட்டுத் துறவியரின் ஓதல் இசைத்தகடு லட்சக்கணக்கில் விற்றபின், 'கெல்டிக்' என்ற முத்திரை குத்தி அயர்லாந்துப் பக்தியிசையும் சந்தைக்கு வந்தது. எல்லாவற்றிலும் ஒரே எதிரொலி. பெரிய குகைக்குள் யாரோ தூரத்தில் பாடுவதைப் போன்ற மயக்கம். புலம்பல் தூரத்தில் பாடுவதன்று. பிணத்தின் பக்கத்தில், மூச்சுக்காற்று படும் தொலைவில் பாடுவது. மன அமைதிக்கான பாட்டு என்று அதை விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பெற்ற பிள்ளையின் பிணத்தின்மேல் விழுந்து அழுகிறவளிடம் அமைதி தேடலாமா?

இடையில் அயர்லாந்தே மாறிவிட்டது. 1970-களின் தொடக்கத்தில் பத்துக் கத்தோலிக்கரில் ஒன்பது பேர் வாரந்தோறும் பூசைக்குப் போனார்கள். திருச்சபை நிறுவனங்களில் குழந்தைகள் பட்ட கொடுமைகளைப் பற்றிய அரசு விசாரணை அறிக்கைகள் 2009-ல் வந்தபின், முன்பே குறைந்துகொண்டிருந்த கூட்டம் இன்னும் குறைந்தது. மொழியின் நிலையும் கவலைக்குரியதே. 51 லட்சம் மக்கள்தொகையில் பள்ளிக்கு வெளியே நாள்தோறும் ஐரிஷ் பேசுவோர் 2022 கணக்கெடுப்பின்படி சுமார் 72,000 பேர். கோயிலும் போய், மொழியும் போனால் புலம்பலை யார் பாடுவது என்று தோன்றும். ஆயினும் கோயிலை விட்டு விலகியவர்களும் இந்தப் பாட்டை விடவில்லை என்றே தெரிகிறது. அது முதலிலிருந்தே கோயிலுக்கு வெளியே இருந்த பாட்டல்லவா?

கேட்க விரும்பும் வாசகர்களுக்கு ஒரு யோசனை. ஹீனியின் பாடல்களும் பேச்சுகளும், மூலச் சொற்களும் ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்ந்து, அவர் பெயரிலுள்ள இணையக் காப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் மொழிபெயர்ப்பை ஒருமுறை படித்துவிடுங்கள். பிறகு அதை மூடிவிட்டு, அவர் தனிக்குரலில் பாடுவதைக் கேளுங்கள். அதற்குப் பிறகே நோரீன் நீ ரியனுடைய 1980-ஆம் ஆண்டுப் பதிவு, அடுத்து கூலே குழுவின் பூசை இசை. இந்த வரிசையை மாற்றிக் கேட்டவர்களுக்கு ஹீனியின் குரல் வறட்சியாகத் தோன்றிவிடுகிறது. கார்னாவில் ஆண்டுதோறும் மே மாத வாக்கில் அவர் நினைவாக விழா நடக்கிறது. அங்கே மேடையில் இன்றும் பக்கவாத்தியமின்றித்தான் பாடுகிறார்கள்.